தொட்டறிந்த கை

மாலை ஆறு மணி. தண்டலத்துச் சாலை. சென்னையிலிருந்து பெங்களூருக்கு ஓடும் பெருஞ்சாலை. அருகே இருங்காட்டுக்கோட்டை, அப்பால் திருப்பெரும்புதூர், அதற்கப்பால் ஒரகடம். ஏரி நீரை நம்பி ஏர் ஓட்டிய சீமையிலே இன்று மோட்டார் வண்டி பிறக்கிறது, கண்ணாடி பிறக்கிறது. ஷிப்டு முடிந்து திரும்புவோரும் ஷிப்டுக்குப் போவோரும் எதிரெதிரே பாயும் வேளை அது.

சாலையோரத்திலே ஓர் இளைஞன் கிடந்தான். அவன் ஏறி வந்த மோட்டார் சைக்கிள் பத்தடி தள்ளிக் கிடந்தது. வாயிலே குருதி, தொடையிலே குருதி, கண் பாதி மூடிக் கிடந்தது.

கூட்டம் கூடிற்று. கூடத் தெரிந்த கூட்டம். கூடிய பின் செய்வது யாது என்று தெரியாத கூட்டம்! “யார் பெத்த பிள்ளையோ!” என்றார் ஒருவர். “போலீசு கேசு, தொடாதே!” என்றார் இன்னொருவர். “வடநாட்டுப் பையன் போலிருக்கு” என்று ஆராய்ந்தார் வேறொருவர். “வாயிலே தண்ணி ஊத்துங்க” என்றது ஒரு குரல். அந்த நேரத்திலே நால்வர் முன்வந்தனர். நல்ல உள்ளம் படைத்த நால்வர்தாம். ஒருவர் கையை, ஒருவர் காலை என்று பற்றித் தூக்கினர், ஷேர் ஆட்டோவிலே ஏற்றிவிட. தூக்கிய வேகத்திலே அந்த இளைஞனின் தலை பின்னுக்குச் சாய்ந்து தொங்கிற்று.

அந்த நால்வரிலே ஒருவன் நான்.

பட்டம் பெற்றவன் நான். பள்ளியிலே பாடம் சொல்பவன். பானிப்பட்டுப் போர் மூன்றுக்கும் ஆண்டு சொல்வேன். ஆனால், என் கையிலே தொங்கிய மனிதனின் கழுத்துக்குள்ளே எத்தனை எலும்புகள் அடுக்கப்பட்டிருக்கின்றன, அவற்றிலே ஒன்று நழுவினால் என்ன ஆகும் என்பதை அறியேன்!

“சார், நிறுத்துங்க! மெதுவாக் கீழே வையுங்க. கழுத்தை ஆட்டாதீங்க!”

108 வண்டியிலிருந்து இறங்கி வந்த ஒரு பெண் அப்படிச் சொன்னாள். சீருடை அணிந்த பெண். என்னைவிட இரண்டொரு வயது இளையவளாக இருப்பாள். வந்தவள் முதலிலே நோயாளியைப் பார்க்கவில்லை, சாலையைப் பார்த்தாள். வண்டிகளை ஒதுக்கச் செய்தாள். கையுறை அணிந்தாள். கொட்டும் தொடைமீது துணியை வைத்து அழுத்தினாள். அழுத்தத்தை விடாமல் பிடித்திருக்கும்படி என் கையை இழுத்து அங்கே வைத்தாள். ஓட்டுநர் அசையாமல் தலையைப் பிடித்துக்கொள்ள, “தம்பி, கேக்குதா? கண்ணைத் திற!” என்று அழைத்தாள். தாடையை முன்னே தள்ளி, வாயிலே தேங்கிய குருதியை உறிஞ்சி எடுத்தாள். மார்பு ஏறி இறங்குவதைக் கண்டாள். கழுத்தின் பக்கவாட்டிலே இரு விரல் வைத்தாள். கண்ணிலே விளக்கடித்துப் பார்த்தாள். வயிற்றைத் தொட்டாள், இடுப்பைத் தொட்டாள், காலைத் தொட்டாள். இரண்டு மூன்று நிமிடங்கள்! அவ்வளவுதான். கழுத்துக்குப் பட்டை கட்டி, பலகையிலே கிடத்தி, வண்டியிலே ஏற்றிக்கொண்டு போய்விட்டாள்.

அவள் பெயரைக் கேட்கத் தவறினேன். அந்த இளைஞன் பிழைத்தானா என்பதும் அறியேன். என் கையிலே காய்ந்து கிடந்த குருதியைக் குழாயடியிலே கழுவும்போது ஒரு கேள்வி மட்டும் எழுந்தது. அது இன்றுவரை அகலவில்லை. அந்த விரல்களுக்கு அந்த அறிவைத் தந்தவர் யார்? அந்த அறிவு என் விரல்களுக்கு ஏன் வரவில்லை?

தோழர்களே! அந்தக் கேள்விக்கு விடை தேடினால் அது வரலாறாக விரிகிறது. மனிதன் மனிதனைத் தொடுவதற்கு அஞ்சிய வரலாறு அது; அஞ்சாமல் தொட்ட சிலரின் வரலாறும் அதுவே.

உடலைத் திறந்து பார்க்காமல் உடலை அறிய இயலாது. எளிய உண்மை இது. நம் நாட்டிலே இதை அறியாதிருந்தனரா? அறிந்திருந்தனர்! சுசுருதர் பெயரால் வழங்கும் வடமொழி மருத்துவ நூலிலே, உடற்கூறு கற்க விரும்புவோன் பிணத்தைப் புல்லால் சுற்றி, கூண்டிலே இட்டு, ஓடும் நீரிலே ஏழு இரவுகள் ஊறவிட்டு, பின்னர் மெல்லத் தேய்த்து, தோல் தொடங்கி உள்ளுறுப்பு வரையிலே கண்ணாரக் காண வேண்டும் என்று விதி கூறப்பட்டிருக்கிறது. ஏட்டுக் கல்வியோடு கண் கண்ட அறிவும் சேர வேண்டும் என்பது அந்நூலின் கருத்து.

ஆனால் அதே நாட்டிலே மனுவின் பெயரால் வழங்கும் நூல் என்ன சொல்லிற்று? பிணத்தைத் தொட்டவனுக்குத் தீட்டு என்றது. சிரார்த்தத்துக்கு அழைக்கத் தகாதவர் வரிசையிலே மருத்துவனைச் சேர்த்தது. அவன் வீட்டுச் சோறு உண்ணத் தகாதது என்றது. நோயைத் தீர்க்கும் கைக்கு இழிவு! மந்திரம் சொல்லும் வாய்க்கு மதிப்பு! விளைவு என்ன? கற்றவன் பிணத்தைத் தொடவில்லை. தொட்டவனைக் கற்க விடவில்லை. நம் ஊர்களிலே புண்ணைக் கீறியவர்களும் பிள்ளைப்பேறு பார்த்தவர்களும் முடி திருத்துவோர் குலத்து ஆடவரும் பெண்டிருமே. ஊர் அவர்களுக்குத் தந்தது மருத்துவர், மருத்துவச்சி என்ற பெயர். அமரச் சொன்னதோ கடைசி வரிசை!

இது நம் நாட்டு நோய் மட்டும்தானா என்று கேட்பீர்கள். அல்ல. ஐரோப்பாவிலும் இந்நோய் உண்டு. இரண்டாம் நூற்றாண்டிலே வாழ்ந்த காலென் என்ற கிரேக்க மருத்துவர் குரங்கையும் பன்றியையும் அறுத்துப் பார்த்து, அதைக் கொண்டு மனித உடலைப் பற்றி எழுதினார். மனிதனின் கீழ்த்தாடை இரண்டு எலும்புகளாலானது என்றார். இதயத்தின் நடுச்சுவரிலே கண்ணுக்குத் தெரியாத துளைகள் உண்டு, அவற்றின் வழியே குருதி ஒருபுறமிருந்து மறுபுறம் கசிகிறது என்றார். ஆயிரத்து முந்நூறு ஆண்டுகளுக்கும் மேலாக அதுவே வேதவாக்கு! பல்கலைக்கழகத்திலே பேராசிரியர் உயர்ந்த இருக்கையிலே அமர்ந்து காலெனின் ஏட்டைப் படிப்பார். கீழே நின்று பிணத்தை அறுப்பவரோ எழுத்தறியா நாவிதர். படிப்பவர் பார்க்கவில்லை, பார்ப்பவருக்குப் பேச உரிமையில்லை. ஏடு ஒன்று சொல்லும், எலும்பு வேறொன்று சொல்லும். ஏட்டையே நம்பினர்!

அந்த உயர்ந்த இருக்கையிலிருந்து இறங்கி வந்தவர் வெசேலியஸ். இத்தாலியின் பதுவா நகரிலே பேராசிரியராக இருந்த இளைஞர். கத்தியைத் தம் கையிலேயே எடுத்தார். தாடை எலும்பு ஒன்றே என்று கண்டார். காலெனின் பிழைகளை ஒவ்வொன்றாகக் காட்டி, 1543-இலே மனித உடலின் அமைப்பைப் படங்களோடு நூலாக வெளியிட்டார். அப்போது அவருக்கு வயது இருபத்தெட்டு! நம்மிலே பலருடைய வயதுதான், தோழர்களே.

குருதியின் கதையும் அப்படியே. இதயச் சுவரிலே துளை இல்லை, குருதி நுரையீரல் வழியாகவே இதயத்தின் மறுபுறம் சேர்கிறது என்று 13-ஆம் நூற்றாண்டிலேயே கெய்ரோவில் வாழ்ந்த இப்னு அல் நபீஸ் என்ற அரபு மருத்துவர் எழுதினார். அவருடைய ஏடு 1924-இலேதான் பெர்லின் நூலகத்திலே கண்டெடுக்கப்பட்டு உலகின் கவனத்துக்கு வந்தது. இதற்கிடையே 1628-இலே இங்கிலாந்தின் வில்லியம் ஹார்வி, இதயம் ஒரு விசைக்குழாய், அது தள்ளும் குருதி உடலெங்கும் ஓடி மீண்டும் இதயத்துக்கே திரும்புகிறது என்று கணக்கிட்டுக் காட்டினார். கையைக் கட்டிப் பார்த்தும், சிரையை அழுத்திப் பார்த்தும் மெய்ப்பித்தார். தண்டலத்துச் சாலையிலே அந்தப் பெண் கழுத்திலே இரு விரல் வைத்தாளே, அந்த விரல்களுக்குப் பின்னே நிற்பது இந்த ஆராய்ச்சிதான்!

இனி நம் நாட்டுக்குத் திரும்புவோம். 1835-இலே சென்னையிலும் கல்கத்தாவிலும் புதுமுறை மருத்துவம் கற்பிக்கும் நிலையங்கள் திறக்கப்பட்டன. திறந்தால் போதுமா? பிணத்தைத் தொட வேண்டுமே! தொட்டால் சாதியினின்று தள்ளுவார்களே! அந்தத் தயக்கம் நிலவிய கல்கத்தாவிலே, 1836-இலே, மதுசூதன் குப்தா என்ற ஆசிரியர் கையிலே கத்தியெடுத்தார். வடமொழிக் கல்லூரியிலே ஆயுர்வேதம் கற்பித்த பண்டிதர் அவர். ஏடு அறிந்தவர்; ஏடு போதாது என்பதையும் அறிந்தவர். மாணவர் உடன் நிற்க, மனித உடலை அறுத்துக் காட்டினார். புதிய காலத்து இந்தியாவிலே அவ்வாறு செய்தவருள் முதல்வர் என்று அவரை வரலாறு குறிக்கிறது. அன்று கோட்டையிலே பீரங்கி முழங்கி அதனைச் சிறப்பித்தனர் என்றொரு கதையும் வழங்குகிறது. கதை எப்படியாயினும், அன்று வெட்டுண்டது பிணம் மட்டுமல்ல. பிணத்தைச் சுற்றியிருந்த பயமும்தான்!

வங்காளத்திலே பயம் வெட்டுண்டது. தமிழிலே அந்த அறிவு வந்தது எப்போது? இதற்கு விடை தமிழகத்திலே இல்லை. கடலுக்கு அப்பால், யாழ்ப்பாணத்திலே இருக்கிறது.

1847-இலே அமெரிக்காவிலிருந்து யாழ்ப்பாணம் வந்தார் டாக்டர் சாமுவேல் பிஸ்க் கிறீன். வந்தபோது இளைஞர். மானிப்பாயிலே மருத்துவமனை அமைத்தார். மாணவரைச் சேர்த்து மருத்துவம் கற்பித்தார். தொடக்கத்திலே ஆங்கிலத்திலே கற்பித்தார். ஆங்கிலத்திலே தேறியவர் அரசாங்க உத்தியோகத்துக்குப் போயினர். ஊர் மக்களுக்குப் பயன் குறைந்தது. ‘தமிழருக்குத் தமிழிலேயே மருத்துவம் கற்பித்தால் என்ன?’ என்று எண்ணினார். எண்ணியதோடு நிற்கவில்லை. தமிழ் கற்றார். நூல்களைத் தமிழாக்கினார், துணைக்குத் தம் மாணவர்களைச் சேர்த்துக்கொண்டார். உடற்கூறு பற்றிய முதல் தமிழாக்கம் 1850-களிலேயே அச்சேறிற்று. இரண வைத்தியம் என்ற அறுவை மருத்துவ நூல் வந்தது. உலகெங்கும் மருத்துவ மாணவர் ஓதும் கிரேயின் உடற்கூற்று நூல், 1872-இலே ‘மனுஷ அங்காதிபாதம்’ என்ற பெயரிலே தமிழிலே வந்தது. 1860-களிலிருந்து வகுப்பே தமிழிலே நடந்தது. அறுபதுக்கும் மேற்பட்டோர் அவரிடம் மருத்துவராகத் தேறினர்.

அவர் சமயம் பரப்ப வந்தவர். அதை மறைக்கத் தேவையில்லை. நாம் அவருடைய ஜெபத்திலே பங்கு கேட்கவில்லை; அவருடைய உழைப்பைப் போற்றுகிறோம். “தமிழிலே விஞ்ஞானம் வருமா, மருத்துவம் வருமா?” என்று இன்றும் உதட்டைப் பிதுக்குவோர் உண்டு. 150 ஆண்டுகளுக்கு முன்பே ஓர் அமெரிக்கர் மானிப்பாயிலே அமர்ந்து அதைச் செய்து காட்டிவிட்டுப் போனார்! வராதது தமிழின் குற்றமல்ல. வரவேற்காதது நம் குற்றம்.

ஆடவர் கைக்கு வந்த கத்தி பெண்ணின் கைக்கு வர மேலும் காலம் பிடித்தது. 1907-இலே சென்னை மருத்துவக் கல்லூரியிலே சேர்ந்து, 1912-இலே தேறி வெளிவந்தார் புதுக்கோட்டையில் பிறந்த முத்துலட்சுமி அம்மையார். பெண்ணுக்கு ஏன் பெரிய படிப்பு என்று ஊர் கேட்ட காலம் அது. தண்டலத்துச் சாலையிலே ஒரு பெண் “நிறுத்துங்க சார்!” என்று நாலு ஆடவரை நோக்கிக் கட்டளையிட்டாளே, அந்தக் குரலுக்கு வழி வகுத்த கால்கள் அம்மையாருடையவை.

இதுவரை கூறியது மருத்துவமனைக்குள்ளே வளர்ந்த அறிவு. சாலையிலே கிடப்பவனிடம் அந்த அறிவு எப்படி நடந்து வந்தது? அது தனிக் கதை.

பிரெஞ்சுப் படையிலே மருத்துவராக இருந்தவர் லார்ரே. அன்றைய வழக்கம் என்ன? போர் ஓயும்வரை காயம்பட்டவன் கிடந்த இடத்திலேயே கிடப்பான். அது தகாது என்றெண்ணி, 1790-களிலே, விரைந்தோடும் குதிரை வண்டிகளைக் களத்துக்குள்ளேயே அனுப்பினார் லார்ரே. அதனினும் பெரிது அவர் வகுத்த விதி. முதலில் யாரைக் கவனிப்பது? தளபதியையா, சிப்பாயையா? நம்மவனையா, பகைவனையா? எவன் காயம் கொடியதோ அவனை முதலில்! பதவி பாராதே, நாடு பாராதே, காயத்தைப் பார் என்றார். சமத்துவம் பற்றி எத்தனையோ பேர் எழுதினர். குருதி கொட்டும் களத்திலே அதனை விதியாக்கிக் காட்டியவர் இந்த மருத்துவர்!

நம் காலத்துக்கு வருவோம். 1950-களிலே அமெரிக்காவின் பால்டிமோர் நகரிலே பீட்டர் சபார் என்ற மருத்துவர், நினைவிழந்தவன் மூச்சு ஏன் நிற்கிறது என்று ஆராய்ந்தார். தளர்ந்த நாக்கு பின்னே விழுந்து தொண்டையை அடைக்கிறது. தலையைச் சாய்த்துத் தாடையை உயர்த்தினால் வழி திறக்கிறது. வாயோடு வாய் வைத்து ஊதினால் பிறர் மூச்சே உயிர் காக்கும் என்று காட்டினார். 1960-இலே அதே நகரிலே கூவன்ஹோவன் முதலிய மூவர், மார்பின் நடுவிலே கைகளால் அழுத்தியே நின்ற இதயத்தின் வேலையைச் செய்விக்கலாம் என்று வெளியிட்டனர். மருந்தில்லை, கருவியில்லை, இரண்டு கைகள் போதும்!

அந்தச் சபார் பின்னர் பிட்ஸ்பர்க் நகருக்குப் போனார். அங்கே அந்நாளிலே விபத்துக்குள்ளானவரை ஏற்றிச் சென்றது போலீசு வண்டி, அல்லது பிணவண்டி. ஏற்றிச் செல்வோருக்கு மருத்துவம் தெரியாது. கறுப்பின மக்கள் வாழ்ந்த பகுதிக்கோ அந்த வண்டியும் காலத்திலே வராது. 1966-இலே தம் இளம் மகளை ஆஸ்துமாவுக்குப் பறிகொடுத்திருந்த சபார், 1967-இலே அந்தப் பகுதியின் கறுப்பின இளைஞர்களைச் சேர்த்தார். வேலையற்றவர்கள், ‘எதற்கும் உதவாதவர்’ என்று நகரம் ஒதுக்கியவர்கள். அவர்களுக்கு உடற்கூறு கற்பித்தார். மூச்சுவழி காக்கவும் இதயத்துடிப்பு அறியவும் கற்பித்தார். ‘பிரீடம் ஹவுஸ்’, அதாவது விடுதலை இல்லம், என்ற பெயரிலே அவர்கள் தெருவிலே இறங்கி உயிர் காத்தனர். அந்நாட்டின் முதல் அவசர மருத்துவ அணிகளிலே அதுவும் ஒன்று. ஆனால் கதையின் முடிவைக் கேளுங்கள்! 1975-இலே நகராட்சி தனக்கென ஓர் அணியை அமைத்தது. விடுதலை இல்லம் மூடப்பட்டது. புதிய அணியிலே பெரும்பாலோர் வெள்ளையர். அறிவைத் தெருவுக்குக் கொண்டு வந்தவரைத் தெருவிலே நிறுத்தினர்! இருந்தும் அவர்களிடம் செய்து கண்ட பாடமே பின்னர் அந்நாடு முழுதுக்குமான பயிற்சிக்கு அடிப்படைகளில் ஒன்றாயிற்று. மனிதரை ஒதுக்கலாம், அவர்கள் மெய்ப்பித்ததை ஒதுக்க இயலவில்லை.

இப்போது அந்தப் பெண்ணிடம் திரும்புவோம். அன்று அவள் செய்தவை புரியாத மந்திரம்போல் எனக்குத் தோன்றின. பின்னர் நூல்களைத் தேடிப் படித்தேன், அறிந்தவரைக் கேட்டேன். மந்திரமல்ல அது, காரணமுள்ள வரிசை. ஒவ்வொன்றுக்கும் உடலிலே ஒரு விடை இருக்கிறது.

சாலையை ஏன் முதலில் பார்த்தாள்? காக்க வந்தவளே அடிபட்டு வீழ்ந்தால் காப்பவர் யார்?

தொடையை ஏன் அழுத்தினாள்? வளர்ந்த மனிதனின் உடலிலே ஓடும் குருதி ஏறத்தாழ ஐந்து லிட்டர்தான். தொடை எலும்பு முறிந்தாலே ஒரு லிட்டருக்கும் மேலாக இழக்க நேரிடும். பெருந்தமனி கிழிந்தால் சில நிமிடங்களிலே எல்லாம் முடியும். ஆகவே கொட்டும் குருதியை முதலில் நிறுத்து என்கின்றனர் இன்று. துணியை வைத்து அழுத்து. எட்டிப் பார்க்க எடுக்காதே, விடாமல் அழுத்து!

தாடையை ஏன் முன்னே தள்ளினாள்? சபார் கண்ட உண்மைதான். ஆனால் கழுத்து அடிபட்டிருக்கக்கூடியவனுக்குத் தலையைச் சாய்க்காமல் தாடையை மட்டும் தள்ள வேண்டும். மூச்சு நின்றால் மூளை நாலைந்து நிமிடங்களுக்கு மேல் தாங்காது. நினைவிழந்தவன் வாயிலே தண்ணீர் ஊற்றுவது அன்பல்ல. அது நேரே மூச்சுக்குழலுக்குள் போய்விடும்.

மார்பை ஏன் பார்த்தாள்? பன்னிரண்டு இணை விலா எலும்புகளின் கூட்டுக்குள்ளே நுரையீரல் விரிகிறது. இருபுறமும் ஒத்து ஏறவில்லையெனில் உள்ளே ஏதோ கிழிந்திருக்கிறது. நிமிடத்துக்குப் பன்னிரண்டு முதல் இருபது மூச்சு இயல்பு. மிகுந்தாலும் குறைந்தாலும் அபாயம்.

கழுத்திலே விரல் ஏன்? மணிக்கட்டு நாடி மங்கிய பின்னும் கழுத்துத் தமனி துடிக்கும். குருதியழுத்தம் எவ்வளவு வீழ்ந்தது என்பதை அந்த விரல்கள் ஓரளவு கூறிவிடும்.

ஏன் பெயர் சொல்லி அழைப்பதுபோல் “தம்பி, கேக்குதா?” என்றாள்? கண் திறக்கிறானா, பேசுகிறானா, சொன்னபடி கையை அசைக்கிறானா? இம்மூன்றையும் படிநிலைகளாக அளக்கும் அளவுகோலை வகுத்தனர் கிளாஸ்கோ நகரத்து மருத்துவர் டீஸ்டேலும் ஜெனட்டும், 1974-இலே. கண்ணிலே விளக்கடித்தபோது ஒரு கண்மணி சுருங்கி மற்றது விரிந்தே நின்றால், மண்டைக்குள்ளே குருதி கட்டி மூளையை நெருக்கக்கூடும். வயிற்றின் இடது மேற்புறம் தொட்டால் வலிக்கிறதா? மண்ணீரல் கிழிந்திருக்கலாம். வலது மேற்புறமா? அங்கே கல்லீரல்.

கழுத்தை ஆட்டாதீர்கள் என்றாளே, அதற்கு வருகிறேன். கழுத்திலே ஏழு முள்ளெலும்புகள். அவற்றின் நடுவே தண்டுவடம். மூச்சை இழுக்கும் உதரவிதானத்தை ஆட்டுவிக்கும் நரம்பு, கழுத்தின் மூன்று, நான்கு, ஐந்தாம் பகுதியிலிருந்து புறப்படுகிறது. முறிந்த கழுத்தை அசைத்தால் கைகால் முடங்கலாம், மூச்சே நிற்கலாம். இதைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. தலை தொங்க, தூக்கிய நால்வரிலே ஒருவன் நானல்லவா!

அன்பு இருந்தது, அறிவு இல்லை. அறிவில்லாத அன்பும் கொல்லும், தோழர்களே!

நம் நாட்டிலே அன்பையும் தடுத்தது ஒன்று இருந்தது: ‘போலீசு கேசு’ என்ற பயம். 1989-இலே உச்சநீதிமன்றம், உயிர் காப்பதே மருத்துவரின் முதற்கடமை, சட்டச் சடங்குகள் அதற்குக் குறுக்கே நிற்கலாகாது என்று தீர்ப்பளித்தது. 2016-இலே, விபத்திலே உதவ வருவோரைத் துன்புறுத்தலாகாது என்ற நெறிமுறைகளுக்கு அதே நீதிமன்றம் சட்டத்தின் வலுவைத் தந்தது. 2019-இலே மோட்டார் வாகனச் சட்டத்திலே 134அ என்ற பிரிவு சேர்க்கப்பட்டது. நல்லெண்ணத்தோடு உதவியவர்மீது வழக்கில்லை. பெயரைச் சொல்லும்படி கட்டாயப்படுத்தவும் கூடாது. ஆகவே ‘தொடாதே’ என்று சட்டத்தின் பெயரால் சொல்பவர் சட்டத்தை அறியாதவர்!

தமிழ்நாட்டிலே 108 வண்டி ஓடத் தொடங்கியது 2008 செப்டம்பர் 15-ஆம் நாள். அறிஞர் அண்ணாவின் நூற்றாண்டு தொடங்கிய நாள். 2021 டிசம்பரிலே, ‘இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48’ என்ற திட்டம் வந்தது. சாலை விபத்திலே சிக்கியவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சை, வரையறுத்த தொகைக்குள், இலவசம். இந்த மாநிலத்தவரா, வெளி மாநிலத்தவரா என்ற பேதம் அதிலே இல்லை. சாலையிலே ‘வடநாட்டுப் பையன்’ என்று ஆராய்ந்தாரே ஒருவர், அவருக்கு அரசே விடை சொல்லிவிட்டது. லார்ரே அன்று களத்திலே சொன்ன விடையும் அதுதான்!

வண்டி வந்தது. சட்டம் வந்தது. திட்டம் வந்தது. இன்னும் வராதது எது? வண்டி வந்து சேரும்வரை உள்ள அந்தச் சில நிமிடங்களுக்கான அறிவு! அது அரசாணையால் மட்டும் வருவதல்ல. நம் கைகளுக்கு நாம் கற்பிக்க வேண்டியது.

வள்ளுவர் மருந்து பற்றிய அதிகாரத்திலே மருத்துவத்தை நான்கு கூறாகப் பகுத்தார். நோயாளி, மருத்துவன், மருந்து, இவற்றோடு நோயாளியின் அருகிருந்து பணி செய்பவனையும் ஒரு கூறாக எண்ணினார். அருகிருப்பவன் வெறும் வேடிக்கை பார்ப்பவனல்லன்; மருத்துவத்திலே கால்பங்கு அவன்! தண்டலத்துச் சாலையிலே அன்று நாங்கள் நாற்பது பேர் அருகிருந்தோம். அந்தக் கால்பங்கை ஆற்ற ஒருவருக்கும் தெரியவில்லை.

என் வகுப்பிலே இப்போது கரும்பலகையிலே போர்களின் ஆண்டுகளுக்குப் பக்கத்திலே ஒரு மனித உருவம் வரைந்து வைத்திருக்கிறேன். கழுத்துத் தமனி எங்கே, மூச்சுக்குழல் எங்கே, குருதி கொட்டினால் எங்கே அழுத்துவது, நெஞ்சு நின்றால் நிமிடத்துக்கு நூறு முதல் நூற்றிருபது முறை எப்படி அழுத்துவது, எப்போது தூக்கலாகாது, எந்த எண்ணை அழைப்பது. பயிற்சி பெற்றவர் ஒருவரை அழைத்துச் செய்து காட்டச் சொன்னேன். முதல் நாள் ஒருவர் கழுத்திலே ஒருவர் விரல் வைத்து நாடி தேடும்படி மாணவரை இணை இணையாக நிறுத்தினோம். யார் எந்தத் தெரு, யார் எந்தக் குலம் என்று கேட்டு நிறுத்தவில்லை. விரல் வைத்தனர். எல்லார் கழுத்திலும் ஒரே இடத்திலே, ஒரே விதமாகத் துடித்தது!

தீண்டாமை ஒழிக என்று பேசுகிறோம், பேச வேண்டும். பேசிய பின் தொடுவோம். தொட்டால் எங்கே தொடுவது, எப்படித் தொடுவது என்று அறிந்து தொடுவோம். படிப்பகம் தோறும் ஏடு இருக்கிறது. அந்த ஏட்டோடு ஒரு முதலுதவிப் பயிற்சியும் இருக்கட்டும். ஆலை வாயில் தோறும் கொடி பறக்கிறது. கொடிக் கம்பத்தடியிலே குருதியை நிறுத்தத் தெரிந்த பத்துப் பேர் இருக்கட்டும்.

வெசேலியஸ் உயர்ந்த இருக்கையிலிருந்து இறங்கினார். மதுசூதன் குப்தா தீட்டை மிதித்துக் கத்தியெடுத்தார். கிறீன் அந்த அறிவைத் தமிழிலே பேச வைத்தார். பிட்ஸ்பர்க்கின் ஒதுக்கப்பட்ட இளைஞர் அதைத் தெருவுக்குக் கொண்டு வந்தனர். பெயர் தெரியாத ஒரு பெண் அதைத் தண்டலத்துச் சாலையிலே என் கையைப் பற்றி ஒரு காயத்தின்மீது வைத்துவிட்டுப் போனாள்.

அந்தக் கையை இனி எடுக்கலாகாது, தோழர்களே! விடாமல் அழுத்த வேண்டும்.